கால்வாய்க் கரையிலிருந்து கிப்ளிங்கை எழுதுவது எப்படி

வியாசர்பாடியில் நான் கலந்துகொள்ளும் வாசகர் வட்டத்தில், மாதத்துக்கு ஒருவர் முறைவைத்து, தாம் விரும்பிய ஓர் எழுத்தாளரின் வாழ்க்கையைப் பற்றியும் அவரை உருவாக்கிய தாக்கங்களைப் பற்றியும் நாற்பது நிமிடம் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. என் முறை வந்தபோது, ஜங்கிள் புக் எழுதிய ஆங்கில எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கை எடுத்துக்கொண்டேன். பிறப்பு, பள்ளி, வேலை, திருமணம், நோபல் பரிசு, இறப்பு என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி முடித்து அமர்ந்தபோது, பெரம்பூர் லோகோ ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எழுந்து, "எல்லாம் சரி தம்பி, இந்தியாவப் பத்தி இவ்ளோ எழுதினவரு நம்ம பக்கத்தப் பத்தி என்னா எழுதினாரு?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. அந்த விடையைத் தேடிப் படித்த மாதங்களில்தான், வாழ்க்கைக் குறிப்பு எழுதும் வேலையை நான் தவறான முனையிலிருந்து தொடங்கியிருந்தேன் என்பது புரிந்தது. அப்படித் திருத்திக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டு கிப்ளிங்தான் என்றாலும், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்த நாட்டில் வளர்ந்த வேறு எந்த ஆங்கில எழுத்தாளரைப் பற்றி எழுதவும் இது உதவும்.

ஆண்டோடு வயதையும் எழுதுங்கள்

நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஆண்டுகளை எழுதும்போது, ஒவ்வோர் ஆண்டுக்கும் எதிரே அப்போது அவருக்கு என்ன வயது என்பதையும் எழுதுங்கள். கிப்ளிங் 1865ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று பம்பாயில் பிறந்தார். ஆண்டின் கடைசியில் பிறந்தவர் என்பதால், வெறுமனே கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு வயது கூடிவிடும். 1907 டிசம்பரில் நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு 41தான், 42 அல்ல. 1871இல் ஐந்து வயதில் தங்கையோடு இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார். 1878இல், 12 வயதில், டெவனில் உள்ள யுனைடெட் சர்வீசஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1882இல், பதினேழு வயதுகூட நிறையாத நிலையில், லாகூரில் சிவில் அண்ட் மிலிட்டரி கெசட் நாளிதழில் உதவி ஆசிரியர் ஆனார். 1887இல் அலகாபாத்தில் பயனியர் இதழுக்கு மாறினார். 1889இல், 23 வயதில், இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். 1891 இறுதியில் ஒரே ஒரு முறை திரும்பி வந்தார்; அதன் பிறகு வரவே இல்லை. ஜங்கிள் புக் 1894இலும் கிம் நாவல் 1901இலும் வெளிவந்தன. 1936 ஜனவரி 18 அன்று இறந்தார்.

வயதுகளை எழுதி முடித்ததும் ஒரு செய்தி தானாகவே கண்ணில் படும். இந்தியாவைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற இந்த மனிதர் இந்தியாவில் வாழ்ந்தது குழந்தைப் பருவத்தில் ஐந்து ஆண்டுகளும் இளமையில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகளும்தான். ஜங்கிள் புக்கில் வரும் மௌக்லி என்னும் காட்டுச் சிறுவன் பிறந்தது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், பனிக்காலத்தில், மனைவியின் ஊரில். கிம் நாவல் முடிவடைந்தது இங்கிலாந்தில். ஆகவே அவருடைய இந்தியா பெரும்பாலும் நினைவிலிருந்து எழுந்த இந்தியா. நினைவு எதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதைத்தான் நாம் தேட வேண்டும். என் அனுபவத்தில், அதற்கு நம்பகமான வழி காதுதான்.

அவர் காதில் விழுந்த மொழிகளைப் பட்டியலிடுங்கள்

எழுத்தாளர் என்னென்ன புத்தகங்களைப் படித்தார் என்று தேடுவதற்கு முன்பே, சிறு வயதில் அவரைச் சுற்றி யார் யார் எந்தெந்த மொழியில் பேசினார்கள் என்று எழுதிவையுங்கள். வடசென்னையில் வளர்ந்தவர்களுக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் தமிழ், எதிர்வீட்டில் தெலுங்கு, மூலைக்கடையில் உருது, சௌகார்பேட்டைக்குப் போனால் மார்வாரியும் குஜராத்தியும், பெரம்பூர் ரயில்வே குடியிருப்புப் பக்கம் ஆங்கிலோ இந்தியர்களின் ஆங்கிலம் என்று, பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே நான்கைந்து மொழிகளின் ஓசையைக் கேட்டு வளரும் குழந்தைகள் நாம். அந்த ஓசைகள் பிற்காலத்தில் ஒருவரின் பேச்சில் எப்படி வெளிப்படும் என்பதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம்.

கிப்ளிங்குக்கும் அதுதான் நடந்தது. பம்பாய் வீட்டில் அவரை வளர்த்தவர்கள் கத்தோலிக்கரான ஒரு செவிலித்தாயும், மீதா என்னும் இந்து வேலைக்காரரும். கதைகளையும் தாலாட்டுகளையும் அவர்கள் மொழியில் கேட்டுத்தான் அவர் வளர்ந்தார். மாலையில் பெற்றோரைப் பார்க்கச் சாப்பாட்டு அறைக்குள் அனுப்பும்போது, அப்பா அம்மாவிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று பிள்ளைகளுக்கு நினைவூட்டி அனுப்புவார்களாம். தாம் எண்ணியதும் கனவு கண்டதும் உள்ளூர் மொழியில்தான் என்றும், அதிலிருந்து மொழிபெயர்த்துத் தட்டுத்தடுமாறியே ஆங்கிலம் பேசியதாகவும் அவரே தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஓர் ஆங்கில எழுத்தாளருக்கு ஆங்கிலம் இரண்டாவதாக வந்த மொழி என்பதை நீங்கள் உங்கள் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். அடுத்து வரும் எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை.

இங்கே சொல்லைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆங்கில நூல்கள் அந்தப் பெண்ணை 'ஆயா' என்றே குறிக்கின்றன. குழந்தை வளர்ப்பவள் என்னும் பொருளில் அது போர்த்துகீசியத்திலிருந்து வந்த சொல். ஆனால் 'ஆயா' என்று நீங்கள் எழுதினால் நம் பகுதி வாசகர் பாட்டி என்று நினைத்துக்கொள்வார். சங்கப் பாடல்களிலிருந்து நமக்குத் தெரிந்த செவிலித்தாய் இருக்கும்போது வேறு சொல் தேடி அலைய வேண்டாம். பெற்ற தாயைவிடப் பிள்ளையின் மனத்தை நெருக்கமாக அறிந்தவள் என்னும் குறிப்பும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

பட்டியலின் இரண்டாவது வரி, மொழி பறிபோன ஆண்டுகள். சவுத்ஸீ என்னும் கடற்கரை ஊரில், முன்பின் அறியாத ஒரு குடும்பத்திடம் கட்டணம் கொடுத்துத் தங்கவைக்கப்பட்ட ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் அவை. ஆங்கிலேயர் தம் பிள்ளைகளை அப்படித் தாய்நாட்டுக்கு அனுப்புவது அக்காலத்தில் வழக்கமே. வெயிலும் நோயும் ஒரு காரணம், பிள்ளைகள் உள்ளூர்ப் பிள்ளைகளாகவே மாறிவிடுவார்கள் என்னும் அச்சம் இன்னொரு காரணம். பெற்றோர் காரணம் எதையும் சொல்லாமலே விட்டுச் சென்றார்கள். அந்த வீட்டுப் பெண்மணி அச்சிறுவனைப் பொய்யன் என்று முத்திரை குத்தினார். பொய்யன் என்று எழுதிய அட்டையை முதுகில் மாட்டி அவனை வீதி வழியே அனுப்பிய நிகழ்ச்சியும் உண்டு. கண்பார்வை மங்கிக்கொண்டிருந்தது; அதை யாரும் கவனிக்கவில்லை. ஆண்டுக்கு ஒரு மாதம், சித்தி ஜார்ஜியானாவின் வீட்டில், ஓவியர் பர்ன்-ஜோன்ஸின் குடும்பத்தோடு கழித்த கிறிஸ்துமஸ் விடுமுறைதான் அச்சிறுவனுக்கு வாய்த்த ஒரே நிழல். இந்தப் பகுதியை எழுதும்போது அவசரப்படாதீர்கள். கைவிடப்பட்ட குழந்தை, தன்னைச் சேர்த்துக்கொள்ளும் கூட்டத்தைத் தேடும் பிள்ளை, அந்தக் கூட்டத்தின் சட்டத்தை உயிராக மதிக்கும் பிள்ளை என்று அவர் எழுத்தில் மீண்டும் மீண்டும் வரும் உருவத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஓநாய்க் கூட்டம் மௌக்லியை ஏற்கும் காட்சியை இந்த ஆண்டுகளை அறிந்த பின் படித்தால், அதன் கனமே வேறாகத் தெரியும்.

மூன்றாவது வரி 1882. பதினாறு வயது இளைஞராகக் கப்பலில் பம்பாய் வந்து இறங்கியபோது, அங்கிருந்த காட்சிகளும் மணங்களும் தூண்ட, தமக்கே பொருள் தெரியாத உள்ளூர் மொழி வாக்கியங்கள் வாயிலிருந்து வந்ததாக அவர் எழுதுகிறார். பதினோரு ஆண்டுகள் மூடிக்கிடந்த ஊற்று திறந்த கணம் அது.

நான்காவது வரிதான், பெரியவரின் கேள்விக்கு எனக்கு விடை கொடுத்தது. 1891 இறுதியில் அவர் இலங்கையிலிருந்து கடல் கடந்து இந்தியாவின் தென்கோடிக்கு வந்து, ரயிலில் வடக்கே லாகூருக்குப் போனார். அந்தப் பயணத்தைப் பற்றித் தன்வரலாற்றில் அவர் எழுதியிருப்பது மிகச் சுருக்கமானது: தாம் அறியாத தென்கோடி இந்தியாவில், நான்கு பகலும் நான்கு இரவும் ரயிலுக்குள், சுற்றிலும் பேசப்பட்ட பேச்சில் ஒரு சொல்கூடத் தமக்குப் புரியவில்லை என்கிறார். நம் மொழி அவர் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. இந்தியாவின் குரல் என்று உலகம் கொண்டாடிய எழுத்தாளருக்குத் தெற்கு முழுவதும் பொருள் புரியாத ஓசையாக இருந்திருக்கிறது. தாக்கங்களைப் பற்றி எழுதும்போது, எழுத்தாளரை எட்டாமல் போனவற்றையும் எழுத வேண்டும் என்று நான் கற்றது இந்த இடத்தில்தான்.

எதைத் தாக்கம் என்று சொல்லலாம்

இரண்டு பொருள்கள் ஒன்றுபோல் இருப்பதாலேயே ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று எழுதிவிடக் கூடாது. நான் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கிறேன். அந்தப் பொருள் நூல் எழுதப்படுவதற்கு முன்பே அவர் கைக்கோ கண்ணுக்கோ எட்டியதா? அவரோ அவரை அருகிலிருந்து அறிந்தவர்களோ அதைச் சொல்லியிருக்கிறார்களா? கதையின் பொருளில் மட்டுமல்லாமல், சொல்லும் முறையிலும் அதன் தடம் தெரிகிறதா? மூன்றாவது கேள்விதான் கடினமானது, மதிப்புள்ளதும் அதுதான்.

தந்தை ஜான் லாக்வுட் கிப்ளிங்கை இந்தக் கேள்விகளால் சோதித்துப் பாருங்கள். அவர் பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் சிற்பம் கற்பித்தவர்; பின்னர் லாகூரில் மேயோ கலைப்பள்ளியின் முதல்வராகவும் அருங்காட்சியகத்தின் காப்பாளராகவும் இருந்தவர். இந்திய மக்களுக்கும் விலங்குகளுக்கும் உள்ள உறவைப் பற்றி 1891இல் ஒரு பெரிய நூலை எழுதினார். மகன் ஜங்கிள் புக்கைத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஜங்கிள் புக்கின் படங்களில் ஒரு பகுதியையும் கிம் நாவலின் படங்களையும் தந்தவர் தந்தையே. கிம் நாவல் லாகூர் அருங்காட்சியகத்தின் எதிரே நிற்கும் ஜம்ஜமா பீரங்கியின் மேல் ஒரு சிறுவன் ஏறி அமர்ந்திருக்கும் காட்சியோடு தொடங்குகிறது. திபெத்திய லாமாவை மரியாதையோடு வரவேற்று, தம் கண்ணாடியையே கொடுத்தனுப்பும் காப்பாளர், தந்தையின் உருவம். மூன்று கேள்விகளுக்கும் இங்கே விடை கிடைத்துவிடுகிறது.

செய்தித்தாள் வேலையைப் பொறுத்தவரை மூன்றாவது கேள்வியே போதும். லாகூரில் அவர் வெயிலிலும் காய்ச்சலிலும் நாளெல்லாம் தந்திச் செய்திகளைச் சுருக்கினார். பத்தியின் நீளத்துக்குள் கதையை அடக்கினார். ஒரு சொல் கூடினாலும் அச்சுக்கோப்பவர் வெட்டிவிடுவார். பிளெய்ன் டேல்ஸ் ஃப்ரம் தி ஹில்ஸ் தொகுப்பில் உள்ள 40 கதைகளில் பெரும்பாலானவை முதலில் அந்த இதழில் வந்தவைதான். எழுதியதை ஆறவைத்து, தூரிகையில் மையைத் தொட்டு வேண்டாத வரிகளை அடித்து, மறுபடி ஆறவைத்து, மறுபடி அடிப்பது அவருடைய பிற்கால வழக்கம். அந்தக் கதைகளின் வேகமும், பாதி சொல்லிப் பாதி விடும் போக்கும் அச்சுக்கூடம் தந்தவை. 1888இல் அவருடைய ஆறு சிறு தொகுப்புகள் ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் விலையில் ரயில் நிலையக் கடைகளில் விற்பனைக்கு வந்தன. 1856இலிருந்து ராயபுரம் நிலையத்தைப் பார்த்துவரும் நமக்கு, ரயில் என்பது ஒரு வாசகர் கூட்டத்தையே உருவாக்கிய வண்டி என்பதை விளக்க வேண்டியதில்லை. பீகாரில் ஜமால்பூர் ரயில்வே பணிமனை ஊரைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையையும் தேடிப் படியுங்கள்; பெரம்பூர்க்காரர்களுக்கு அது சொந்த ஊரைப் பற்றிப் படிப்பதுபோல இருக்கும்.

மொழியின் தடத்துக்கு ஒரே ஒரு சான்று சொல்கிறேன். கிம் நாவலில் மாந்தர்கள் இந்துஸ்தானியில் பேசும் இடங்களை, நீ, உன் என்பதற்கு வழக்கொழிந்த பழைய சொற்களைக் கொண்ட ஓர் ஆங்கிலத்தில் கிப்ளிங் எழுதுகிறார். அதே மாந்தர்கள் ஆங்கிலத்தில் பேசும்போது நடை மாறிவிடுகிறது. எந்த மொழியில் பேச்சு நடக்கிறது என்று சொல்லாமலே வாசகருக்குத் தெரிகிறது. கிம் என்னும் அச்சிறுவனும் ஆங்கிலத்தைத் தடுமாறிப் பேசி, உள்ளூர் மொழியிலேயே இயல்பாக இருப்பவன். பம்பாய் வீட்டுச் சாப்பாட்டு அறை வாசலில் தயங்கி நின்ற பிள்ளை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு நாவலின் நாயகனாக வந்து நிற்கிறான்.

பஞ்சக் கதையை நம் மண்ணில் வைத்துப் படியுங்கள்

கிப்ளிங் நம் பக்கத்தைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. 1893இல் வெளிவந்த நகரங்களின் பாடலில் சென்னைக்கு நான்கே வரிகள்: கிளைவின் முத்தத்தால் அரசியரினும் மேலாக முடிசூடி, இப்போது மூதாட்டியாகப் பழம்பெருமையை எண்ணிக்கொண்டிருக்கும் பெண்ணாக நகரத்தைப் பாடுகிறார். கோட்டைக்கு வெளியே இருந்த கறுப்பர் நகரமும், அதன் நெசவாளரும், வண்ணாரும், படகோட்டிகளும் அந்த நான்கு வரிகளில் இல்லை. இதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடலாம்.

நேரம் செலவிட வேண்டியது 1895இன் இறுதியில் இதழில் வெளிவந்து, 1898இல் தி டேஸ் ஒர்க் தொகுப்பில் சேர்ந்த வில்லியம் தி காங்கரர் என்னும் நெடுங்கதைக்கு. வில்லியம் என்பது அதில் ஒரு பெண்ணின் செல்லப்பெயர். சென்னை மாகாணத்தின் எட்டு மாவட்டங்களில் பஞ்சம் என்று அறிவிக்கப்படுகிறது. பஞ்சாபில் நீர்ப்பாசனத் துறையில் வேலை பார்க்கும் ஸ்காட் என்னும் அதிகாரியைத் தெற்கே அனுப்புகிறார்கள். அவர் மாட்டு வண்டிகளில் கோதுமையும் சிறுதானியமும் கொண்டுபோகிறார். மக்கள் நெல் கேட்டு அழுகிறார்கள். பழகாத அந்தத் தானியத்தைத் தொடாமலே சாகிறார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லியும் காவலர்கள் சைகை காட்டியும் பயனில்லை. கடைசியில் ஸ்காட் அந்தத் தானியத்தை வெள்ளாடுகளுக்குப் போட்டு, ஆட்டுப்பாலைக் கைக்குழந்தைகளுக்குக் கொடுத்துக் காப்பாற்றுகிறார். அந்தி வெளிச்சத்தில் ஆடுகளும் குழந்தைகளும் சூழ அவர் நடந்துவரும் காட்சி, படித்தவர் மறக்க முடியாத காட்சி. நான் அதை இரண்டு முறை படித்தேன்; இரண்டு முறையும் தொண்டை அடைத்தது.

அந்த உருக்கத்தை மறைக்காமல் எழுதுங்கள். எழுதியபின் வயதுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். தென்னாட்டையே உலுக்கிய தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை. அப்போது கிப்ளிங்குக்கு 10 முதல் 12 வயது, இருந்தது இங்கிலாந்தில். ஆகவே 'கண்ணால் கண்ட பஞ்சம்' என்று எழுத இடமில்லை.

அடுத்ததாக, தானியத்தைப் பாருங்கள். தெற்கத்தி மக்கள் அரிசியைத் தவிர வேறு அறியாதவர்கள் என்பதுதான் கதையின் முடிச்சு. ஆடி மாதத்தில் வடசென்னையின் எந்தத் தெருவில் நடந்தாலும், அம்மன் கோயில் வாசலில் கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும் ஊற்றுவதைப் பார்க்கிறோம். முருங்கைக்கீரைப் பொரியலோடும் கருவாட்டுக் குழம்போடும் அதைக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். காவிரிப் படுகை போன்ற நெல் நாடு வேறு. வானம் பார்த்த மாவட்டங்களின் ஏழை மக்களுக்குக் கேழ்வரகும் கம்பும் சோளமும்தான் அன்றாட உணவு. சிறுதானியத்தைக் கண்டு தென்னாட்டு ஏழை திகைத்து இறந்தான் என்பதை நம்மில் எந்தப் பாட்டியும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஸ்காட் தெற்கை அறியாதவர் என்பதைக் கிப்ளிங் நேர்மையாகவே சொல்கிறார். ஆனால் அந்த அறியாமை கதாநாயகனோடு நிற்கவில்லை, கதை சொல்பவரிடமும் இருக்கிறது. நான்கு பகல் நான்கு இரவு ரயில் பயணத்தில் புரியாமல் போன பேச்சுக்கும் இந்தப் பிழைக்கும் உள்ள தொடர்பைத்தான் உங்கள் கட்டுரையின் நடுவில் வைக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். பசியில் இருப்பவர்கள் கதையில் கூட்டமாக வருகிறார்கள். நினைவில் நிற்கும் இந்தியர் வடக்கிலிருந்து எசமானரோடு வந்த பணியாள் ஃபயஸ் உல்லாதான். நம்மவர் பேசிய மொழி புரிந்திருந்தால் அவர்களில் ஒருவருக்காவது பெயர் கிடைத்திருக்கும்.

மூன்றாவதாக, கதையில் இல்லாததை வரலாற்றிலிருந்து பக்கத்தில் வையுங்கள். கதையில் வரும் அதிகாரிகள் அனைவரும் தம்மை வருத்தி உழைப்பவர்கள். பஞ்சத்தை நடத்திய கொள்கை கண்ணில் படுவதில்லை. 1877இல், பஞ்சத்தைக் கவனிக்க வைசிராய் அனுப்பிய அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வந்த ஆண் ஒருவருக்கு நாள் கூலியை ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவுமாகக் குறைத்தார். உழைக்கும் உடலுக்கு அது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்தார். சென்னையில் பத்திரிகை ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி அந்தப் பஞ்சத்தைப் பற்றி 1878இல் இரண்டு தொகுதிகளாக எழுதிய நூலில் இந்த வாதங்களைப் படிக்கலாம். ஆங்கிலேயரிலேயே கொள்கையை எதிர்த்தவர்கள் இருந்தார்கள் என்பதால், கிப்ளிங்கின் மௌனத்தை 'அந்தக் காலம் அப்படி' என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது.

நம் இடங்களைத் தொட்டுக்காட்டுவதும் நல்லதே, ஆனால் பிழை இல்லாமல் செய்ய வேண்டும். பக்கிங்காம் கால்வாய் முழுவதையும் பஞ்சத்தில் வெட்டியதாகப் பலர் சொல்வார்கள். எண்ணூர் நோக்கிச் செல்லும் நம் பக்கத்துக் கால்வாய் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கோக்ரேன் கால்வாய் என்ற பெயரில் வெட்டப்பட்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்தான் 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய் முழுவதற்கும் வந்தது. அதுபோல, ஸ்டான்லி மருத்துவமனையைப் பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வது தாது வருஷத்துக்கும் முந்திய நினைவு. 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்திலிருந்து வந்த பெயர். பஞ்சம் என்றதும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துவிடும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

நூல்களைத் தேடும் வழி

கிப்ளிங் இறந்து 60 ஆண்டுகள் 1996 இறுதியோடு முடிந்துவிட்டதால், இந்தியாவில் அவர் நூல்களுக்குக் காப்புரிமை இல்லை. குட்டன்பெர்க் இணையதளத்தில் பெரும்பாலானவற்றை இலவசமாகப் படிக்கலாம். அச்சு நூல்களுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. அல்லிக்குளம் மூர் மார்க்கெட் கடைகளில் பழைய பதிப்பு கிடைத்து, அதன் அட்டையில் ஸ்வஸ்திகமும் யானைத் தலையும் இருந்தால் கலங்க வேண்டாம். அது இந்திய மங்கலச் சின்னமாக அவர் சேர்த்துக்கொண்டது. நாஜிகள் அந்தச் சின்னத்தை எடுத்துக்கொண்டபோது தம் நூல்களிலிருந்து நீக்கச் சொன்னவரும் அவரே.

சான்றுகளில் எதை எவ்வளவு நம்புவது என்பதற்கும் வயதுப் பட்டியலே துணை. சவுத்ஸீ துன்பத்தை அவர் 22 வயதில் கதையாகவும், எழுபதை நெருங்கும்போது தன்வரலாறாகவும் எழுதியிருக்கிறார். அவர் தங்கை டிரிக்ஸும் தம் நினைவுகளை எழுதியிருக்கிறார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அவர் இறந்தபின் 1937இல் வெளிவந்த தன்வரலாறு மிகவும் அடக்கி வாசிக்கும் நூல். 1899இல் ஆறு வயதில் இறந்த மகள் ஜோசபினும், 1915இல் லூஸ் போரில் 18 வயதில் மாண்ட மகன் ஜானும் அதில் ஏறக்குறைய இல்லை. இறந்த பிள்ளைகளைப் பற்றி ஒரு தந்தை வாய் திறக்காமல் இருப்பதைச் சான்றின்மை என்று கொள்ளக் கூடாது. குடும்பத்தார் பல தாள்களை எரித்துவிட்டாலும், எஞ்சிய கடிதங்கள் ஆறு தொகுதிகளாக வந்திருக்கின்றன.

எழுதும்போதும் பேசும்போதும்

அவருடைய அரசியலை எங்கே வைப்பது என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. அமெரிக்கா பிலிப்பைன்ஸைக் கைப்பற்றியபோது, வெள்ளையரின் சுமை என்னும் கவிதையை 1899இல் எழுதியவர் அவர். ஆளப்படும் மக்களைப் பாதி பேய், பாதி குழந்தை என்றவர். இதைக் கட்டுரையின் கடைசியில் ஒரு பத்தியாக ஒதுக்கிவைத்தால் மன்னிப்புக் கேட்பதுபோல ஆகிவிடும். தொடக்கத்திலேயே வைத்து அதோடு முடித்துக்கொண்டால் கிம் நாவலில் வரும் லாமாவின் அன்பை விளக்க முடியாமல் போகும். மொழிகளின் வரிசையில் வைத்து எழுதுங்கள் என்பதே என் கருத்து. எந்த மக்களின் மொழி அவருக்குள் புகுந்ததோ அவர்களுக்கு அவர் எழுத்தில் முகமும் பெயரும் நகைச்சுவையும் இருக்கின்றன. புகாத இடத்தில் சுமையும் கூட்டமும் மட்டுமே இருக்கின்றன. மோதிஹாரியில் 1903இல் பிறந்து, பர்மாவில் காவல் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் ஆர்வெல், 1942இல் கிப்ளிங்கைப் பற்றி எழுதிய கட்டுரையில் அவரைக் கடுமையாகக் கண்டித்துவிட்டு, இருந்தும் அவரை ஏன் படித்துக்கொண்டே இருக்கிறோம் என்று கேட்கிறார். அந்தக் கேள்வியின் நேர்மையை நம் கட்டுரைகளும் கைக்கொள்ளலாம்.

பேசுவதற்கு என்று எழுதினால், ஆண்டுகளைக் கரும்பலகையிலோ தாளிலோ முன்கூட்டியே எழுதிவிட்டு, பேச்சைச் சாப்பாட்டு அறை வாசலில் தொடங்குங்கள். சவுத்ஸீக்குப் பத்து நிமிடம், லாகூருக்குப் பத்து நிமிடம் போதும். பஞ்சக் கதைக்குக் குறைந்தது கால் மணி நேரம் கொடுங்கள். கதையின் தானிய வண்டிப் பகுதியை மொழிபெயர்த்து உரக்கப் படித்துவிட்டு, கூட்டத்தில் உள்ள மூத்த பெண்கள் தம் சிறு வயது உணவைப் பற்றிப் பேச இடம் விடுங்கள். நான் இரண்டாம் முறை பேசியபோது, கொருக்குப்பேட்டையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, தம் பாட்டி வீட்டில் அரிசிச் சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் என்றும், மற்ற நாளெல்லாம் களியும் கூழும் என்றும் சொன்னார். கதையைப் பற்றி நான் சொன்ன எதையும்விட அது கூட்டத்துக்குத் தெளிவாக இருந்தது. அதை அப்படியே என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

'அவர் ராயபுரத்தில் இறங்கினாராமே, பெரம்பூரைப் பார்த்தாராமே' என்று யாராவது கேட்பார்கள். ஊர்ப்பற்று காரணமாக ஆம் என்று சொல்லிவிடாதீர்கள். 1891இல் தெற்கிலிருந்து வடக்கே போகும் ரயிலில் நான்கு நாள் நம் நாட்டைக் கடந்தார் என்றும், அந்த நான்கு நாளும் ரயிலில் நம்மவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள் என்றும் சொல்லுங்கள்.